மோழைக் கிடா, மோழைப் பெட்டை. குட்டிக்கு மட்டும் கொம்பு எங்கிருந்து வந்தது?

கள்ளிக்குடிக்காரன்

வணக்கம். கள்ளிக்குடிக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் பருத்தியும் சோளமும், பொய்த்துவிட்டால் ஆடுதான் கஞ்சி ஊற்றும். என்னிடம் 9 பெட்டை வெள்ளாடுகள் இருக்கின்றன. அவற்றில் 7 மோழை, அதாவது கொம்பில்லாதவை; 2 கொம்புள்ளவை.

கொம்பாடு எனக்கு ஆகவே ஆகாது. ஒன்று கம்பி வேலியில் தலையை மாட்டிக்கொண்டு செத்தது. இன்னொன்று சினையாட்டை முட்டி, குட்டி விழுந்துவிட்டது. பட்டி முழுவதையும் மோழையாக்கிவிட வேண்டும் என்று, போன வருடம் பொங்கலுக்கு முன்னால் திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு மோழைக் கிடாயை வாங்கி வந்தேன். தலைச்சேரிக் கலப்பு, செவலை நிறம், நல்ல நீளம்.

இதுவரை இரண்டு ஈத்து ஆகிவிட்டது. நோட்டில் எழுதி வைத்த கணக்கு இது.

7 மோழைப் பெட்டைகளும் போட்ட குட்டிகள் 24. கொம்புள்ள குட்டி 5 (கிடா 3, பெட்டை 2). மோழைக் கிடா 11. மோழைப் பெட்டை 5. மீதி 3 என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

2 கொம்புப் பெட்டைகளும் போட்ட குட்டிகள் 7. கொம்பு 4, மோழை 3. இவற்றில் குறை எதுவும் இல்லை.

அந்த மூன்றைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு முதல் ஈத்துக் குட்டிகள். பெட்டை என்று நினைத்துத்தான் விற்காமல் வைத்திருந்தேன். வயது ஒன்று தாண்டியும் பருவத்திற்கு வரவில்லை. மடி இறங்கவில்லை. கிடா வாடை அடிக்கிறது, மற்றப் பெட்டைகள் மேல் ஏறுகிறது. வாலைத் தூக்கிப் பார்த்தால் பெட்டைக்குரியதுதான், ஆனால் அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு முளை. மூன்றாவது இந்த ஈத்தில் பிறந்தது, அதற்கும் அதே முளை. ஊரில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் என் சித்தப்பா மகன் பட்டி. அங்கே ஒரு கொம்புக் கிடா நிற்கிறது. அதுதான் வேலி தாண்டி வந்து ஏறியிருக்கும் என்று சொல்லப்போய், பேச்சு முற்றி, இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என் அம்மாவோ, குலசாமிக்கு நேர்ந்த கிடாயை விற்ற பாவம் என்கிறார்.

கேள்வி இரண்டு. அப்பனுக்கும் இல்லாத, ஆத்தாளுக்கும் இல்லாத கொம்பு குட்டிக்கு எப்படி வரும்? அந்த மூன்று குட்டிகளுக்கும் என்ன ஆயிற்று?

பேரையூர் மருது

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா? மோழைக்கு மோழை சேர்ந்தால் மோழைதான். உங்கள் சித்தப்பா மகன் கிடாயைக் கட்டிப் போடவில்லை, அவ்வளவுதான். வேலியைச் சரி பாருங்கள்.

அருப்புக்கோட்டை செம்மறி

எங்களிடம் இருப்பது வேம்பூர் செம்மறி. கிடாய்க்கு முறுக்கிய கொம்பு இருக்கும், மறிக்கு மோழைத் தலை. காலங்காலமாக அப்படித்தான். மோழை மறி போட்ட கிடாக்குட்டிக்குக் கொம்பு முளைத்தால் யாரும் பஞ்சாயத்து வைப்பதில்லை. உங்களுடையது வெள்ளாடு என்பதால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்று குட்டி விஷயமும் நான் கேள்விப்படாதது.

எழுமலை டீச்சர்

தம்பி, முதலில் உங்கள் நோட்டுக்கு ஒரு கும்பிடு. 32 ஆண்டுகள் உயிரியல் நடத்தினேன். என் மாணவர்களில் பாதிப் பேர் ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இப்படி ஒரு கணக்கை ஒருவரும் கொண்டுவந்து காட்டியதில்லை. கேட்கத் தோன்றாதது என் தவறுதான். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பட்டாணியைச் சுண்டலில்தான் பார்த்திருப்பார்கள், செடியில் பார்த்ததே இல்லை. அவர்களிடம் போய் நெட்டைச் செடி, குட்டைச் செடி என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். பட்டாணியை வளர்த்து மெண்டல் கண்ட பரம்பரை விதி அவர்கள் வீட்டுக் கொட்டிலில் தழை தின்றுகொண்டிருந்தது.

மருது சொன்ன பதிலைத்தான் பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். அது தவறு. வேலியின் மேல் பழி போட வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் கிடாயும் பெட்டைகளும் சேர்ந்தே கொம்புக் குட்டி போடும்.

ஒவ்வொரு பண்புக்கும் ஆட்டிடம் இரண்டு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்பன் கொடுத்தது, ஒன்று ஆத்தாள் கொடுத்தது. தன் குட்டிக்குக் கொடுக்கும்போது, இரண்டில் ஏதோ ஒன்றை மட்டும் கொடுக்கும். எதைக் கொடுக்கும் என்பது காசைச் சுண்டிவிடுவது போலத்தான். ஒரு சீட்டு இருந்தாலே வெளியே தெரிவது ஓங்கு பண்பு, இரண்டும் சேர்ந்தால்தான் தெரிவது ஒடுங்கு பண்பு. ஆங்கிலப் புத்தகத்தில் ஓங்கு பண்புக்குப் பெரிய எழுத்தும் ஒடுங்கு பண்புக்குச் சின்ன எழுத்தும் போடுவார்கள். தமிழில் அந்த வித்தியாசம் கிடையாது. அதனால் நான் வகுப்பில் நெடிலும் குறிலும் போடுவேன். ஓங்கு நெடிலில் தொடங்குகிறது, ஒடுங்கு குறிலில் தொடங்குகிறது; பிள்ளைகளுக்கு மறக்காது. அப்படியே இங்கேயும் எழுதுகிறேன். மோழைச் சீட்டு 'மோ'. கொம்புச் சீட்டு 'மொ'.

வெள்ளாட்டில் மோழை ஓங்கு பண்பு. இரண்டில் ஒரு சீட்டு 'மோ' என்றாலே கொம்பு முளைக்காது. ஆகவே மோமோ ஆடும் மோழை, மோமொ ஆடும் மோழை. மொமொ மட்டுமே கொம்பாடு. கண்ணால் பார்த்து முதல் இரண்டையும் பிரிக்க முடியாது. மோமொ ஆட்டின் உள்ளே கொம்புச் சீட்டு பத்திரமாக இருக்கிறது. அழிந்துபோகவும் இல்லை, மோழையோடு கலந்து அரைக் கொம்பாக மாறவும் இல்லை.

மோமொ கிடாயையும் மோமொ பெட்டையையும் சேருங்கள். நான்கு வழிகளில் சீட்டு சேரும்: மோமோ, மோமொ, மொமோ, மொமொ. மூன்று மோழை, ஒன்று கொம்பு. 24 குட்டிக்கு 6 கொம்பு எதிர்பார்க்கலாம். உங்களுக்கு 5 வந்திருக்கிறது. 24 முறை காசு சுண்டினால் சரியாக 12 தலை விழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எண்ணிக்கை கூடக் கூடத்தான் விகிதம் நெருங்கி வரும். மெண்டல் 1856 முதல் 1863 வரை, ஏறக்குறைய 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணினார். உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. வகுத்துப் பாருங்கள், 2.96 வரும். அந்த மனிதர் 1850-ல் ஆசிரியர் தேர்வில் தோற்றவர் என்பதை, தேர்வில் தோற்று அழுத பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வேன். 1866-ல் அச்சான அவருடைய கட்டுரையை உலகம் கண்டுகொண்டது 1900-ல். அவர் இறந்து அதற்குள் 16 ஆண்டுகள் ஓடிவிட்டன.

உங்கள் கிடா மோமோவா, மோமொவா? அதற்கும் உங்கள் நோட்டிலேயே பதில் இருக்கிறது. கொம்புப் பெட்டை கட்டாயம் மொமொதான். அதனால் 'மொ' சீட்டைத் தவிர வேறு எதையும் கொடுக்க முடியாது. குட்டி மோழையா கொம்பா என்பதைக் கிடாயின் சீட்டு மட்டுமே தீர்மானிக்கும். 7 குட்டிகளில் 4 கொம்பு, 3 மோழை; அதாவது கிடா இரண்டு விதச் சீட்டும் வைத்திருக்கிறது. மோமொ. இதற்குப் பாடப்புத்தகத்தில் சோதனைக் கலப்பு என்று பெயர். பெயர் தெரியாமலே செய்து முடித்துவிட்டீர்கள்.

இனி அந்த மூன்று குட்டிகள். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

என் அப்பத்தா எழுமலையில் ஆடு வைத்திருந்தார். கையெழுத்துப் போடத் தெரியாது. "மோழைக்கு மோழை சேர்க்காதே, பட்டி விளங்காது" என்பார். காரணம் கேட்டால் அவருடைய மாமியார் சொன்னது என்பார். அதை மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவைத்துவிட்டு நான் கல்லூரிக்குப் போய்விட்டேன். பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு கால்நடை மருத்துவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோதுதான் விளங்கியது. அப்பத்தா அப்போது உயிரோடு இல்லை.

வெள்ளாட்டில் கொம்பை நிறுத்தும் அதே மரபணு மாற்றம் பெட்டையின் சூலகத்தையும் தொடுகிறது. 'மோ' ஒன்று மட்டும் இருந்தால் சூலகத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் 'மோ' ஆகிவிட்டால், பெட்டையாக வளர வேண்டிய கருவில் சூலகம் சரியாக உருவாகாமல், உடல் கிடாயின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. முழுப் பெட்டையும் இல்லாத, முழுக் கிடாயும் இல்லாத இடைப்பால் குட்டி பிறக்கிறது. நீங்கள் சொன்ன முளை, இறங்காத மடி, கிடா வாடை எல்லாம் அதன் அடையாளங்கள். இந்தக் குட்டிகள் குரோமோசோம்படி பெட்டைகளே என்றும், மோழையோடு இதற்குத் தொடர்பு இருக்க வேண்டும் என்றும் அஸ்டெல் என்ற ஆய்வாளர் 1944-லேயே எழுதினார். 2001-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இடத்தைக் கண்டுபிடித்தார்கள்: வெள்ளாட்டின் முதலாம் குரோமோசோமில், டி.என்.ஏ. எழுத்துகளில் ஏறத்தாழ 11,700 காணாமல் போயிருக்கின்றன. அதே இடத்தில் வேறொரு பெரிய துண்டு வந்து செருகிக்கொண்டிருப்பது பின்னால் தெரிந்தது. பக்கத்தில் ஃபாக்ஸ்-எல்-2 என்ற மரபணு இருக்கிறது. சூலகத்தை உருவாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு. இந்த மாற்றத்தால் அது வேலை செய்ய வேண்டிய நேரத்தில் விழிப்பதில்லை. ஒரு பிரதி நன்றாக இருந்தால் அது ஒன்றே சூலகத்துக்குப் போதும். இரண்டும் கெட்டால்தான் வினை.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மாற்றம் ஒன்றுதான். கொம்பு விஷயத்தில் அது ஓங்கு, ஒன்று இருந்தாலே போதும். சூலக விஷயத்தில் அதே மாற்றம் ஒடுங்கு, இரண்டு சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒரு மரபணுவைப் பிடித்து நீ ஓங்கா ஒடுங்கா என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி. எந்தப் பண்புக்கு என்று கேட்க வேண்டும். இதை நான் வகுப்பில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, புத்தகத்தில் இல்லாததால்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 24-ல் கால் பங்கு மோமோ, அதாவது 6. அதில் பாதி பெட்டைக் கரு, 3. உங்களிடம் இருப்பதும் 3. இப்படி அச்சாகப் பொருந்தியது அதிர்ஷ்டம், அதற்காக என்னைப் பாராட்ட வேண்டாம். மோழைக் கிடா 11 என்று எழுதியிருக்கிறீர்கள். 9 எதிர்பார்க்கலாம். முழுக்கக் கிடா போலவே தோற்றம் கொண்ட இடைப்பால் குட்டியும் உண்டு. பொலிக்கு வைக்க நினைக்கும் குட்டியின் விதைப்பையைத் தடவிப் பாருங்கள், இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். மோமோ கிடாக்களில் சிலவற்றுக்கு விந்து வரும் பாதை அடைபட்டு மலடாவதும் உண்டு.

இன்னொன்றும் இதிலிருந்து தானாகவே விளங்கும். குட்டி போட்ட மோழைப் பெட்டை எதுவாக இருந்தாலும் அது மோமொதான். மோமோவாக இருந்தால் அது குட்டியே போட்டிருக்காது. ஆகவே பட்டி முழுவதும் தூய மோழை என்பது வெள்ளாட்டில் நடக்காத காரியம். அந்த ஆசையை விட்டுவிடுங்கள் தம்பி.

செய்ய வேண்டியது எளிது. மோழைப் பெட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள், கிடாயைக் கொம்புள்ளதாக மாற்றுங்கள். குட்டிகளில் பாதி மோழை, பாதி கொம்பு. இடைப்பால் குட்டி ஒன்றுகூட இந்த வழியில் வராது. பிறந்த அன்றே குட்டியின் தலையைப் பாருங்கள். கொம்பு முளைக்கப்போகும் குட்டிக்கு நெற்றிக்கு மேலே இரண்டு பக்கமும் மயிர் சுழித்திருக்கும். மோழைக் குட்டிக்கு அந்த இடத்தில் மயிர் படிந்து கிடக்கும். நம் ஆட்கள் மாட்டுக்குச் சுழி பார்த்து ராசி சொல்வார்கள். இந்தச் சுழி பொய் சொல்லாது. கொம்பு வேண்டாம் என்றால் முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் குருத்தைச் சுட்டு நீக்கலாம். நீங்களாகக் காய்ச்சிய இரும்பை எடுக்காதீர்கள், மண்டையோடு மெல்லியது.

அந்த மூன்றும் நோயாளிகள் அல்ல, சாபமும் அல்ல. நன்றாகவே வளரும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் உதவாது. புரட்டாசி முடியட்டும், அதுவரை விலை கிடைக்காது. அம்மாவிடம் குலசாமி கணக்கு வேறு, சீட்டுக் கணக்கு வேறு என்று சொல்லுங்கள்.

செம்மறிக்காரருக்கு: உங்கள் ஆட்டுக்கு விதி வேறு. அங்கே ஒரே சீட்டு கிடாயில் கொம்பாகவும் மறியில் மோழையாகவும் வெளிப்படலாம், உடல் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து. 1905-ல் கேம்பிரிட்ஜில் வுட் என்பவர் இரு பாலுக்கும் கொம்புள்ள செம்மறி இனத்தையும் இரு பாலுமே மோழையான இனத்தையும் கலந்து இதைக் காட்டினார். கலப்பில் பிறந்த கிடாக்களுக்குக் கொம்பு, மறிகளுக்கு இல்லை. உங்கள் அனுபவத்தை வெள்ளாட்டுக்காரர் மேல் ஏற்றவும் முடியாது, அவருடைய பயம் உங்களுக்குத் தேவையும் இல்லை.

பேரையூர் மருது

டீச்சர், தவறை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். மோழைதான் ஓங்கு என்றால், நாளாக நாளாக எல்லா ஆடும் மோழையாகியிருக்க வேண்டுமே? சந்தையில் கொம்பாடுதானே அதிகம்? அப்புறம், எங்கள் வீட்டில் ஒரு பசு இரட்டைக் கன்று போட்டது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. கிடாரி கடைசி வரை சினை பிடிக்கவில்லை. அதுவும் இதே கதையா?

எழுமலை டீச்சர்

முதல் கேள்வி நல்ல கேள்வி, பெரிய ஆட்களே தடுமாறிய இடம். 1908-ல் இங்கிலாந்தில் இதே சந்தேகம் எழுந்தது. விரல்கள் குட்டையாக இருக்கும் ஒரு பண்பு மனிதர்களில் ஓங்கு என்று தெரிந்திருந்தது. அப்படியானால் நாளடைவில் நான்கில் மூன்று பேருக்குக் குட்டை விரல் வந்துவிட வேண்டாமா என்று கேட்டார்கள். புன்னட் என்ற மரபியலாளருக்குப் பதில் தெரியவில்லை. தன்னோடு கிரிக்கெட் ஆடும் நண்பரான கணித அறிஞரிடம் போய்க் கேட்டார். அந்த நண்பர் ஹார்டி. ஆமாம், 1914-ல் நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான். அவருக்கு இது பெருக்கல் கணக்கு. ஒரு சின்னக் கடிதத்தில் முடித்துவிட்டார். வேறு எதுவும் குறுக்கிடாதவரை சீட்டுகளின் விகிதம் தலைமுறை தலைமுறையாக அப்படியே இருக்கும். ஓங்கு என்பதால் ஒரு சீட்டு பெருகவும் பெருகாது, ஒடுங்கு என்பதால் தேயவும் தேயாது. ஜெர்மனியில் வைன்பெர்க் என்ற மருத்துவர் அதே ஆண்டில் தனியாக இதையே சொன்னார்.

'ஓங்கு' என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. ஓங்கிய கை, ஓங்கிய குரல் என்று கேட்டுப் பழகியதால், வலுவானது, உயர்ந்தது, ஜெயிக்கப்போவது என்று மனது நினைத்துக்கொள்கிறது. ஒரு சீட்டு இருந்தாலே வெளியே தெரியும் என்பதைத் தவிர அதற்குப் பொருள் கிடையாது. வெள்ளாட்டில் மோழை பெருகாததற்குக் கூடுதல் காரணமும் இருக்கிறது: மோமோ பெட்டைகள் வாரிசு இல்லாமல் போகின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் 'மோ' சீட்டுகள் கொஞ்சம் கொட்டிப்போகின்றன.

கிடாரி கதை வேறு. அது பரம்பரையே இல்லை. கருப்பையில் இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் சேர்ந்துகொள்ள, காளைக் கன்றின் பக்கமிருந்து வரும் சுரப்புகள் கிடாரியின் சூலகத்தைக் கெடுத்துவிடுகின்றன. சீட்டில் பழுது இல்லை. அந்தப் பசுவைப் பழிக்க வேண்டாம், அடுத்த ஈத்தில் ஒற்றைக் கிடாரி போட்டால் அது நன்றாகவே சினை பிடிக்கும். மாட்டிலும் மோழை ஓங்குதான், ஆனால் அங்கே இந்த இடைப்பால் தொல்லை கிடையாது.

பெயர் வேண்டாம்

ஆட்டுக்கு நடுவில் மனிதரைக் கேட்பதற்கு மன்னிக்கவும். என் ரத்த வகை ஓ. அப்பாவுக்கு ஏ, அம்மாவுக்கு பி. கல்யாணப் பேச்சு நடக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் இதை வைத்து அம்மாவைப் பற்றி ஒரு மாதிரியாகப் பேசிவிட்டார். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

எழுமலை டீச்சர்

அம்மா, தூங்குங்கள். அந்த ஆளுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் புரியவில்லை, அவ்வளவுதான்.

ஏ, பி இரண்டும் ஓ-வை மறைக்கும். தங்களுக்குள் ஒன்றையொன்று மறைக்காது. அதனால்தான் இரண்டும் சேர்ந்தவருக்கு ஏபி என்று வருகிறது. ஓ ஒடுங்கு. உங்கள் அப்பாவின் ஏ-க்குப் பின்னால் ஓர் ஓ இருக்கலாம், அம்மாவின் பி-க்குப் பின்னாலும் ஓர் ஓ இருக்கலாம். அப்படி இருந்தால், அவர்களுடைய ஒவ்வொரு பிள்ளையும் ஓ-வாக வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. உலகத்தில் இப்படி எத்தனையோ குடும்பங்கள்.

என் வகுப்பில் இதே நடந்தது. பள்ளியில் ரத்த வகை பார்த்தார்கள். மறுநாள் ஒரு பெண் பிள்ளை கண் வீங்கி வந்தாள். அட்டையைப் பார்த்துவிட்டு அவள் அப்பா இரவெல்லாம் அவள் அம்மாவைக் கேள்வி கேட்டிருக்கிறார். அன்று மாலை நானே வீட்டுக்குப் போனேன். சோழியை வைத்து, திண்ணையில் கட்டம் போட்டு, அந்த மனிதருக்குப் பாடம் நடத்தினேன். கேட்டு முடித்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் எனக்குக் காப்பி வாங்கி வந்தார். மன்னிப்பை அந்த அம்மாவிடம் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும்.

விதிக்கு அடங்காதது போலத் தெரிவதும் உண்டு. 1952-ல் பம்பாயில் மூன்று பேரிடம் ஒரு விசித்திர வகையைக் கண்டார்கள். பம்பாய் ரத்த வகை என்றே பெயர். ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமாக எச் என்ற பொருள் ஒன்று வேண்டும். அதற்கான இரண்டு சீட்டும் பழுதானால், உள்ளே ஏ-க்கான சீட்டு இருந்தாலும் சாதாரணச் சோதனையில் ஓ என்றுதான் காட்டும். ஏபி வகைத் தந்தைக்கு ஓ என்று காட்டும் குழந்தை பிறக்கும். ஒரு ரத்த அட்டையை வைத்து ஒரு பெண்ணைக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டா ஏற்றுகிறார்கள்? கள்ளிக்குடித் தம்பி, கோபிக்காதீர்கள், நீங்கள் வேலியைப் பார்த்ததும் இதே வழியில்தான்.

கள்ளிக்குடிக்காரன்

கோபம் இல்லை டீச்சர். வெட்கமாக இருக்கிறது.

நேற்று 11 மோழைக் கிடாக்குட்டிகளில் விற்காமல் நிற்கும் 6 குட்டிகளையும் தடவிப் பார்த்தேன். ஒன்றுக்கு விதைப்பை வெறும் தோல். ஆக மூன்று அல்ல, நான்கு. நோட்டில் திருத்திவிட்டேன். விற்ற ஐந்தில் எத்தனையோ.

இன்னொன்று கேட்க வேண்டும். முதல் ஈத்து மோழைப் பெட்டைகளில் இரண்டை வளர்த்து, அதே கிடாயோடு விட்டிருக்கிறேன். அப்பனும் மகளும். அதில் தோஷம் உண்டா?

எழுமலை டீச்சர்

விற்ற ஐந்தில் எத்தனை என்பது விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் தெரியாமலே போன கணக்கு. பரவாயில்லை, திருத்தினீர்களே.

அப்பன், மகள் சேர்க்கை வேண்டாம். மோழை விஷயம் மட்டும் அல்ல. ஒவ்வோர் ஆட்டிலும் வெளியே தெரியாத ஒடுங்கு பழுதுகள் சில ஒளிந்திருக்கும். வெளியாட்டோடு சேரும்போது எதிர்ச் சீட்டு நல்லதாக இருந்து மறைத்துவிடும். அப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டியிடம், ஏதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் அந்தக் கிடாயின் ஒரே சீட்டின் நகல்களாக இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நம் வீடுகளில் அக்கா மகளைக் கட்டுகிறோமே, அந்தப் பிள்ளைகளுக்கு இது எட்டில் ஒரு பங்கு. மாமன் மகள், அத்தை மகன் என்றால் பதினாறில் ஒன்று. எங்கள் குடும்பத்திலேயே காது கேளாத பிள்ளைகள் இருவர் அப்படி. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

கிடாயை மாற்றும் காலம் எப்படியும் வந்துவிட்டது. இப்போதைய கிடாயை விற்றுவிடுங்கள், வாங்குபவரிடம் கொம்புப் பெட்டைக்கு மட்டும் விடச் சொல்லுங்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது உங்கள் ஆடுகளோடு ரத்த உறவு இல்லாத, நல்ல உடற்கட்டுள்ள ஒரு கொம்புக் கிடா.

கள்ளிக்குடிக்காரன்

அப்படி ஒன்று வேலிக்கு அந்தப் பக்கமே நிற்கிறது டீச்சர்.

பேரையூர் மருது

போய்க் கேளுங்கள் அண்ணன். கேட்கும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கள்ளிக்குடிக்காரன்

போய் வந்தேன். சித்தப்பா மகன் நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தான். "அப்ப என் கிடா வேலி தாண்டல?" என்று கேட்டான். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஒரு பெட்டைக்கு 200 ரூபாய் என்றான். ஊரில் வாங்குவது 150. கொடுத்துவிட்டு வந்தேன்.

7 பெட்டைக்கும் ஐப்பசி முதல் வாரத்தில் சேர்க்கை. பங்குனியில் குட்டி. தலைச்சுழி பார்த்து இங்கே எழுதுகிறேன்.